முதுகின் மேல் கையெழுத்து

ஜூன் 9, திங்கள்

இன்று முதல் நான் வசனகர்த்தா. போன வாரம் வரை இதே 'அந்தரக் கப்பல்' தொடரில் பிராம்ப்டர். கேமராவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு, நடிகர்களுக்கு வசனத்தை வரி வரியாகச் சத்தமாகப் படித்துக் காட்டுகிற வேலை. நான் படிப்பேன், அவர்கள் திருப்பிச் சொல்வார்கள். பிறகு டப்பிங்கில் என் குரல் காணாமல் போய்விடும். பழைய வசனகர்த்தா வேறு சேனலுக்குப் போய்விட்டார். ரெண்டு வருஷம் எல்லார் வசனத்தையும் வாயால் படித்தவனுக்குக் கையால் எழுத வராதா என்று டைரக்டர் சிவசைலம் சார் கேட்டார். வரும் என்றேன்.

கதை இதுதான். பூமி அழிந்துவிட்டது. மிஞ்சியவர்களை ஏற்றிக்கொண்டு ஒரு கப்பல் நூறு வருஷமாக வானத்தில் போகிறது. மேல்தளத்தில் கமாண்டர் வித்யுத்தும் அதிகாரிகளும். அடித்தளத்தில் எந்திரம் ஓட்டுகிறவர்கள், கழிவைச் சுத்தம் செய்கிறவர்கள். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் முந்நூறு எபிசோடாக நடப்பது கமாண்டரின் இரண்டு மனைவிகளின் சண்டை. வெள்ளி நிறச் சேலை கட்டிக்கொண்டு விஷம் வைக்கிறார்கள். கப்பலின் சுவர் முழுவதும் முட்டை அட்டை, அலுமினிய பெயிண்ட் அடித்தது.

டைட்டிலில் என் பெயர் மகேஷ் என்று வரும். மகிமைதாஸ் நீளமாக இருக்கிறது என்று புரொடக்‌ஷன் மேனேஜர் சுருக்கினார். நான் மறுக்கவில்லை. மறுக்கவில்லை என்பதை இங்கே எழுதி வைக்கிறேன்.

ஜூன் 12, வியாழன்

வியாழக்கிழமை ரேட்டிங் வரும் நாள். ஆபீசில் யாரும் சாப்பிட மாட்டார்கள். மறுபடியும் இறங்கியிருக்கிறது. சேனலில் தொடர்களுக்குத் தலைவி நிரஞ்சனா மேடம் நேரில் வந்து, இரண்டு மாதம் அவகாசம், அதற்குள் ஏறவில்லை என்றால் மூடிவிட்டு அந்த நேரத்தில் சமையல் போட்டி போடப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சிவசைலம் சார் மோசமானவர் இல்லை. இளமையில் வீதி நாடகம் போட்டவர். எல்லோரும் போன பிறகு என்னிடம் சொன்னார்:

"பூமில வெச்சுச் சொன்னா கேஸ் போடுவான்டா. ஆகாயத்துல வெச்சுச் சொன்னா அவார்டு குடுப்பான். அதுக்குத்தான் நான் கப்பலே கட்டினேன். கட்டி என்ன, உள்ள ரெண்டு பொண்டாட்டிய ஏத்திட்டாங்க. அடித்தளத்துல இருந்து ஏதாவது ஒண்ணு கொண்டா. நெஜமா வலிக்கணும்."

ஜூன் 15, ஞாயிறு

அக்காவைப் பார்க்கப் போனேன். சாலிகிராமத்தில் என் ரூமிலிருந்து மூன்று பஸ். போன டிசம்பரில் ஓடைக்கரை சவேரியார் நகரை இடித்து, எங்கள் ஆட்களை நகரத்துக்கு வெளியே இந்த ஒன்பது மாடிகளில் கொண்டுபோய் அடுக்கினார்கள். அக்கா ஸ்டெல்லாவுக்கு எட்டாவது மாடி. லிஃப்ட் ஓடாது. சவேரியார் நகரில் வாசலிலேயே இட்லிக் கடை வைத்திருந்தாள். எட்டாவது மாடிக்கு இட்லி வாங்க யார் ஏறி வருவார்கள்.

இடித்த அன்று நான் செட்டில் இருந்தேன். விட முடியாது என்று சொல்லிவிட்டார்கள். கேட்டேனா என்பது வேறு விஷயம்.

விசாரணை ஒன்று வருகிறது. ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நடத்துகிறார். கேள்வி ஒன்றுதான்: ஜனங்கள் விருப்பப்பட்டுப் போனார்களா, விரட்டப்பட்டார்களா. விரட்டப்பட்டார்கள் என்று முடிவானால், ஓடைக்கரையிலேயே கட்டப்போகிற புதுக் கட்டடத்தில் வீடு கொடுத்தாக வேண்டும். விருப்பம்தான் என்றால் இங்கேயே கிடக்க வேண்டியதுதான். எங்களை இடம் மாற்றின வீட்டு வாரியத்தின் கையில் முந்நூற்றுப் பன்னிரண்டு சம்மதப் பத்திரம் இருக்கிறது. எல்லாவற்றிலும் கையெழுத்தும் இருக்கிறது.

அந்தக் கையெழுத்து எப்படி வாங்கப்பட்டது என்று வாக்குமூலம் எழுதிக் கொடுக்க வேண்டும். வக்கீல் அருள்செல்வி ஜூலை பத்தாம் தேதி வரை கெடு சொல்லியிருக்கிறார். எழுதித் தருகிறவன் நான். வீட்டில் எழுத்தாளன் என்று ஒருவன் இருப்பதற்கு இதுதான் பிரயோஜனம் என்று அக்கா சிரித்தாள். நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு சொல்லச் சொன்னேன்.

"காலைல ஆறு மணிக்கு மெஷின் வந்துச்சு. பத்து மணிக்கு வூடு இல்ல. அதுக்கப்புறம்தான் பேப்பரே குடுத்தாங்க. விருப்பப்பட்டு காலி பண்றோம்னு அச்சடிச்சிருந்துச்சு. போட்டாதான் சாவி. மேசை அந்த ஆபீசரம்மாவுக்கு மட்டும், தார்ப்பாய்க்குக் கீழ. நாங்க மழையில லைன்ல நிக்கறோம். எதுமேல வெச்சு எழுதறது? முன்னாடி நிக்கிறவங்க முதுகுல வெச்சு எழுதுங்கன்னுட்டான் ஒருத்தன். ஒருத்தன் கூடயே குட புடிச்சுக்கினு வந்தான். எங்களுக்கு இல்லடா. பேப்பர் நனையக் கூடாதுன்னு பேப்பருக்கு."

பிறகு சொன்னாள்:

"எனக்கு முன்னாடி டெய்லர் பெருமாள். மனுஷன் முதுகு நடுங்குது. குளுருதா அழுவறாரா தெரியல. அதுமேல வெச்சு எழுதறேன். போய் அந்தப் பேப்பரப் பாரு தாசு. நடுங்கினது அவரு, எழுத்து மட்டும் என்னுது."

பெருமாள் இங்கே வந்து மூன்றாவது மாதம் செத்துப்போனார். ஏழாவது மாடியிலிருந்து தூக்கிக்கொண்டுதான் இறக்கினார்கள்.

மூன்று பக்கம் எழுதிக்கொண்டேன். அக்கா கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் வைத்தாள். நாளைக்கே வாக்குமூலமாக எழுதிவிடுவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஜூன் 17, செவ்வாய்

கதை விவாதம். ஏழு பேர் உட்கார்ந்து கமாண்டரின் முதல் மனைவிக்குக் கர்ப்பம் வைக்கலாமா, புற்றுநோய் வைக்கலாமா என்று பேசினார்கள். மதியம் வரை அதுதான். சிவசைலம் சார் என்னைப் பார்த்தார். அடித்தளத்துலேர்ந்து என்னடா இருக்கு என்றார்.

எப்படி வாயில் வந்தது என்று சொல்லத் தெரியவில்லை. அடித்தளத்து ஜனங்களைக் கப்பலின் வால்பகுதிக்குத் துரத்துகிறார்கள், விருப்பத்துடன் போகிறோம் என்று எழுதி வாங்குகிறார்கள், மேசை இல்லை, ஒருவர் முதுகில் ஒருவர் வைத்துக் கையெழுத்துப் போடுகிறார்கள் என்றேன்.

நிரஞ்சனா மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

ரூமுக்கு வந்து யோசித்தேன். இதில் என்ன தப்பு? அக்கா சொன்னது ஒரு ஃபைலுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். அதிகபட்சம் நாலு பேர் படிப்பார்கள், நாலு பேரும் சம்பளம் வாங்கிக்கொண்டு படிப்பவர்கள். தொடரில் வந்தால் லட்சக்கணக்கான வீட்டில் சாப்பிடுகிற நேரத்தில் தட்டில் வந்து விழும். செய்தியில் எங்கள் தெரு இடிந்தபோது சேனலை மாற்றினவர்கள், கப்பல் என்றால் உட்கார்ந்து பார்ப்பார்கள். அவர்களுக்குத் தெரியாமலே அவர்களுக்குள் போய்விடும். இந்த ஊரில் ஏழை தன் கதையைச் சொல்ல ராக்கெட் ஏறினால்தான் உண்டு.

ஜூன் 18, புதன்

அந்த எபிசோடு எழுதி முடித்தேன். ஒரே மூச்சில். நோட்டைப் பார்க்கவே தேவைப்படவில்லை.

ஜூன் 24, செவ்வாய்

ஷூட்டிங். கப்பலில் மழை கிடையாது, அதனால் குளிரூட்டும் குழாய் உடைந்து தண்ணீர் கொட்டுவதாக மாற்றினேன். குடை இல்லை, கண்ணாடித் தகடு. அதைப் பத்திரத்துக்கு மேல் ஒரு சிப்பாய் பிடித்துக்கொண்டே வருகிறான். கமாண்டரின் மேசை இஸ்திரி மேசைதான், மேலே வெள்ளிக் காகிதம். டெய்லர் பெருமாள் வேண்டாம், ஒரு கர்ப்பிணிப் பெண்ணின் முதுகாக இருக்கட்டும், இன்னும் மனசில் இறங்கும் என்றார் நிரஞ்சனா மேடம். மாற்றிவிட்டேன்.

புது பிராம்ப்டர் வரவில்லை. நானே குந்தினேன். அடித்தளத்துத் தலைவி பவழமாக நடிக்கிற பெண்ணுக்கு நான் ஒவ்வொரு வரியாகச் சொல்ல, அவள் திருப்பிச் சொன்னாள். 'நடுங்கினது அவள், எழுத்து மட்டும் என்னுடையது.' நன்றாகச் சொன்னாள். லைட்மேன் ஒருவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

வரிசையில் நின்ற துணை நடிகை ஒருத்தி, ஐம்பது வயது இருக்கும், இது எந்த ஊர்ல நடந்தது தம்பி என்று கேட்டாள். ஆகாயத்துல நடக்குதும்மா என்றேன்.

"ஆகாயத்துலயுமா" என்றாள்.

ஜூலை 3, வியாழன்

அக்கா போன் செய்தாள். வாக்குமூலம் என்னாச்சு என்று. பாதி ஆயிற்று என்றேன். ஒரு வரிகூட ஆகவில்லை.

ஜூலை 8, செவ்வாய்

எழுத உட்கார்ந்தேன். 'ஐயா, வணக்கம். நான் மேற்கண்ட முகவரியில்' என்பது வரை வந்தது. அதற்கு மேல் எதை எழுதினாலும் பவழம் பேசுகிற மாதிரியே இருக்கிறது. அடித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தேன். சிவசைலம் சார் போன். இரண்டாவது மனைவியின் காட்சிகள் நாளைக்கு வேண்டுமாம்.

ஜூலை 10, வியாழன்

இன்றைக்கு நாலு எபிசோடு கொடுத்தேன். யாரும் இவ்வளவு வேகமாகக் கொடுத்ததில்லை என்றார்கள். கெடு இன்றுதான் என்பது மாலை ஐந்தரைக்கு ஞாபகம் வந்தது. விசாரணை அலுவலகத்தை ஐந்தே முக்காலுக்கு மூடிவிடுவார்கள். சாலிகிராமத்திலிருந்து போய்ச் சேர முடியாது.

அருள்செல்வி மேடம் கோபப்படவில்லை. பரவாயில்லை, விசாரணை அன்று ஸ்டெல்லா வாயாலேயே சொல்லட்டும், முதல்முறையாக அங்கே கேட்டால் இன்னும் பலமாக இருக்கும் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று தோன்றியது.

ஜூலை 14, திங்கள்

ஒளிபரப்பானது. ரூமில் தங்கியிருக்கிற மூன்று பேரும் சேர்ந்து பார்த்தோம். கூட இருக்கிற எடிட்டர் அழுதான். நானும் அழுதேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

ஜூலை 17, வியாழன்

சேனலிலேயே முதலிடம். நிரஞ்சனா மேடம் கேக் வெட்டினார். முதல் துண்டு எனக்கு.

ஜூலை 19, சனி

போனைத் திறந்தால் அதுதான். கல்லூரிப் பிள்ளைகள் மழையில் நின்று ஒருத்தர் முதுகில் ஒருத்தர் கையெழுத்துப் போட்டு ரீல்ஸ் எடுக்கிறார்கள். ஒரு கல்யாண ஜோடியும் எடுத்திருக்கிறது, மாப்பிள்ளை முதுகில் பெண் எழுதுகிறாள், பின்னால் நாதஸ்வரம். எதிரும் புதிருமான இரண்டு கட்சிக்காரர்களும் அந்தக் காட்சியைப் பகிர்ந்திருக்கிறார்கள். இரண்டு பேருமே தங்களைத்தான் அடித்தளம் என்று நினைக்கிறார்கள். நீச்சல்குளம் வைத்த அடுக்குமாடி ஒன்றின் குடியிருப்போர் சங்கம், பராமரிப்புக் கட்டணத்தை எதிர்த்துப் போட்ட சுற்றறிக்கையில் பவழத்தின் படத்தை அச்சடித்திருக்கிறது.

கமாண்டர் யார் என்று யாருக்கும் சந்தேகமே வரவில்லை. அது எப்போதும் அடுத்தவன். இதை நான் முதலிலேயே யோசித்திருக்க வேண்டும்.

ஜூலை 22, செவ்வாய்

ஒரு யூடியூப் சேனலுக்குப் பேட்டி. நிரஞ்சனா மேடம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். எந்த இடத்தின் பெயரும் சொல்ல வேண்டாம், வழக்கு வரும் என்று முன்பே சொல்லியிருந்தார். அந்த முதுகுக் காட்சி எங்கேயாவது நடந்ததா என்று கேட்டார்கள்.

கற்பனைதான் என்றேன்.

அதோடு நிறுத்தியிருக்கலாம். எப்படித் தோன்றியது என்று அந்தப் பெண் ஆர்வமாகக் கேட்டாள். ஒரு நாள் வங்கியில் கூட்டம், மேசை கிடைக்கவில்லை, நண்பன் முதுகில் வைத்துப் படிவம் நிரப்பினேன், அப்போது பளிச்சென்று வந்தது என்றேன். சொல்லும்போதே அது நல்ல பதிலாக இருந்தது. நிரஞ்சனா மேடம் என் தோளைத் தட்டினார்.

அவர் எச்சரிக்காமல் விட்டிருந்தாலும், நான் அங்கே பிறந்தவன் என்று அந்த கேமரா முன்னால் சொல்லியிருப்பேனா? தெரியவில்லை. தெரியும்.

ஜூலை 27, ஞாயிறு

அக்கா வீடு. திட்டுவார்கள் என்று பயந்துகொண்டே போனேன். எங்கள் ஆட்கள் கீழேயே பிடித்துக்கொண்டார்கள். லூர்து அண்ணன் கட்டிப்பிடித்துக்கொண்டார். இடித்த அன்று அக்காவுக்குப் பின்னால் நின்று, அவள் முதுகில் வைத்துக் கையெழுத்துப் போட்டவர் அவர்தான். நம்ம கதைய டி.வி.ல காட்டிட்டடா தம்பி என்றார். யாரோ கலர் சோடா வாங்கி வந்தார்கள். பிள்ளைகள் படிக்கட்டில் கப்பல் விளையாட்டு விளையாடுகிறார்கள். யார் மேல்தளம் என்பதில் சண்டை. அடித்தளமாக இருக்க ஒருத்தனும் தயாராயில்லை.

எட்டு மாடி ஏறினேன். அக்கா மாவு கரைத்துக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்கவில்லை.

"பெருமாள் முதுக எதுக்குடா பொம்பள முதுகா மாத்துன?"

சேனலில் சொன்னார்கள் என்றேன்.

"நீ சொல்ல வேண்டியதுதானே, அது பெருமாள் முதுகுன்னு."

கதைக்கு அப்படி மாற்றுவது வழக்கம் என்று ஏதோ விளக்கினேன். கேட்டுக்கொண்டாள். நல்லாத்தான் இருந்துச்சு என்றாள். கிளம்பும்போது, விசாரணையில் நான் இதைச் சொல்லலாமா, ஒன்றும் சிக்கல் வராதே என்று கேட்டாள். உன் கதையை நீ சொல்ல யார் அனுமதி வேண்டும் என்று நான் சத்தம் போட்டேன். அவ்வளவு சத்தம் தேவையே இல்லை.

பேட்டியை அவள் பார்க்கவில்லை போலிருக்கிறது.

ஆகஸ்ட் 6, புதன்

அருள்செல்வி மேடம் போன். விசாரணை இருபதாம் தேதி. பேட்டியை அவர் பார்த்திருக்கிறார்.

"மகிமைதாஸ், ஒரே ஒரு பிரமாணப் பத்திரம் குடுங்க. ஜூன் பதினஞ்சாம் தேதி உங்க அக்கா சொல்லித்தான் உங்களுக்கு இது தெரியும், அதுக்கப்புறம்தான் எழுதினீங்கன்னு. அது போதும். அது இல்லைன்னா எங்க சாட்சி எல்லாருமே சீரியலப் பாத்துட்டுச் சொல்றவங்கன்னு ஆயிடும்."

கொடுக்கிறேன் என்றேன். உடனே கொடுக்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நிரஞ்சனா மேடத்திடம் பேசினேன். அக்கா என்று சொல்லவில்லை. தெரிந்தவர்கள் என்றேன். ஒப்பந்தத்தை எடுத்துக் காட்டினார். எழுதியது முழுவதும் என் சொந்தக் கற்பனை, வேறு யாருடையதும் இல்லை என்று நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். நல்ல மேசை, ஏசி அறை, என் கையெழுத்து ஆடாமல் அசையாமல் இருந்தது.

அவர் மிரட்டவில்லை. தாயைப் போலத்தான் பேசினார். "மகேஷ், நீங்க இப்பதான் மேல வர்றீங்க. அந்த ஜனங்களுக்கு நாம காட்டின மாதிரி யாரு காட்டினா? அதுவே பெரிய உதவிதானே."

மேல வர்றீங்க என்றார். எங்கிருந்து என்று அவருக்குத் தெரியாது.

ஆகஸ்ட் 13, புதன்

பிரமாணப் பத்திரம் எழுதிவிட்டேன். ஒன்றரைப் பக்கம். நன்றாக வந்திருக்கிறது. கையெழுத்துப் போட்டு நோட்டரியிடம் முத்திரை வாங்க வேண்டும். நாளை.

ஆகஸ்ட் 14, வியாழன்

ரேட்டிங் நாள்.

ஆகஸ்ட் 18, திங்கள்

காய்ச்சல் மாதிரி இருந்தது. போகவில்லை. அருள்செல்வி மேடம் நாலு முறை அழைத்திருக்கிறார்.

ஆகஸ்ட் 20, புதன்

போனேன். போகாமல் இருக்கவில்லை என்பதையாவது எழுதிக்கொள்கிறேன். பத்திரம் பையில் இருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை.

பழைய கட்டடத்தில் ஒரு நீளமான கூடம். மின்விசிறிகள் ஓடின, காற்று வரவில்லை. எங்கள் ஆட்கள் நாற்பது பேர் வந்திருந்தார்கள். நான் கடைசி வரிசையில், தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அருள்செல்வி மேடம் திரும்பி என்னைப் பார்த்து கையை நீட்டினார். நான் தலையை ஆட்டினேன். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே தெரியாது. அவர் கையை மடக்கிக்கொண்டார்.

நீதிபதி வயதானவர், சாந்தமானவர். முதலில் லூர்து அண்ணன். கையெழுத்து எப்படிப் போட்டீர்கள் என்றதும், முதுகில் வைத்து என்று ஆரம்பித்தார். கூடத்தில் ஒரு சலசலப்பு. வாரியத்தின் வக்கீல் எழுந்தார். இளைஞர். நக்கல் எதுவும் இல்லை, மரியாதையாகவே கேட்டார். நீங்கள் 'அந்தரக் கப்பல்' பார்ப்பீர்களா? பார்ப்பேன் என்றார் அண்ணன். அதில் எங்கள் கதைதான் வந்தது என்று பெருமையாக வேறு சொன்னார். வக்கீல் அதைக் குறித்துக்கொண்டார்.

அடுத்து அக்கா. நீல நிறப் புடவை, தலை நன்றாக வாரி இருந்தாள். மெஷின் வந்ததிலிருந்து ஆரம்பித்தாள். நன்றாகச் சொன்னாள். குடை வந்தது. பேப்பருக்கு என்றாள். முதல் வரிசையில் இருந்த டைப்பிஸ்ட் அம்மாள் தட்டுவதை நிறுத்திவிட்டுத் தலையை ஆட்டினாள், தெரிந்த பாட்டைக் கேட்கிற மாதிரி. அக்கா அதைப் பார்த்தாள். கொஞ்சம் தடுமாறினாள். பெருமாள் முதுகு நடுங்கினது என்று சொல்ல வாயெடுக்கும்போதே இரண்டு மூன்று பேர் உதட்டுக்குள் அடுத்த வரியை முடித்துவிட்டார்கள்.

வக்கீல் எழுந்து, இந்தத் தொடரை நானும் விரும்பிப் பார்க்கிறேன் ஐயா, அருமையான காட்சி, ஆனால் இது ஒரு எழுத்தாளரின் படைப்பு என்றார். போனை நீட்டினார். கூடம் முழுக்க என் குரல். கற்பனைதான். வங்கியில் கூட்டம். நண்பன் முதுகு. பளிச்சென்று வந்தது.

நீதிபதியும் பார்த்திருக்கிறாராம். வீட்டில் எல்லோரும் பார்த்தோம், என் மனைவி அழுதாள் என்றார். பிறகு அக்காவிடம் கனிவாகச் சொன்னார்:

"உங்க கஷ்டம் புரியுதும்மா. ஆனா டி.வி.ல வந்ததை விட்டுடுங்க. உங்களுக்கு என்ன நடந்துச்சோ அத மட்டும் சொல்லுங்க."

அக்கா திரும்பினாள். நாற்பது பேரைத் தாண்டி, தூண் பக்கம், நேராக என்னைப் பார்த்தாள். அந்தக் கூடத்தில் அந்தக் குரல் யாருடையது என்று அவளுக்கும் அருள்செல்விக்கும் எங்கள் ஆட்களுக்கும் தெரியும். அவள் கையை நீட்டிக் காட்டினால் போதும். என் தம்பி, கேளுங்கள் என்றால் போதும். லூர்து அண்ணன் பாதி எழுந்துவிட்டார். அக்கா அவரைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துகொண்டார்.

அவள் முன்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"இடிச்சாங்க. கையெழுத்துப் போட்டேன். வேற ஒண்ணும் இல்ல."

டைப்பிஸ்ட் அதைத் தட்டினாள். மூன்று வாக்கியம்.

கூடத்தில் நெரிசல் அதிகம். என்னால் எழுந்திருக்க முடியவில்லை. இல்லை. நெரிசல் இல்லை. என் வரிசையில் நான் மட்டும்தான் இருந்தேன்.

வெளியே டீக்கடையில் எங்கள் ஆட்கள் என் பக்கம் வரவில்லை. அக்கா மட்டும் வந்தாள். நான் ஏதோ சொல்ல ஆரம்பித்தேன், பத்திரம் பையிலேயே இருக்கிறது, இப்போதுகூட என்று. கையைக் காட்டி நிறுத்தினாள்.

"நீ எழுந்திருந்தா ஒன் வேல போயிருக்கும். நானும் அந்த எட்டாவது மாடியில, நீயும் அந்த எட்டாவது மாடியிலயா? எதுக்கு? ஒருத்தனாவது வெளிய இரு."

டீயைக் குடித்து முடித்து டம்ளரை வைத்தாள்.

"ஆனா தாசு, இனிமே எங்கிட்ட எதுவும் கேக்காத. வா, துன்னு, போ. எதையும் சொல்ல மாட்டேன். சொன்னா அது எனுக்கு இல்லாம பூடுது."

பஸ் வந்தது. முன்பக்கமாக ஏறி உட்கார்ந்துகொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆகஸ்ட் 29, வெள்ளி

உத்தரவு வந்துவிட்டது. அருள்செல்வி மேடம் எதுவும் எழுதாமல் படத்தை மட்டும் அனுப்பியிருந்தார். சம்மதம் செல்லும். 'சாட்சிகளின் கூற்று பொதுமக்களிடையே பிரபலமான ஒரு தொலைக்காட்சிக் காட்சியைப் பெரிதும் ஒத்திருப்பதாலும், முக்கிய சாட்சி நேரடியாகக் கேட்டபோது அதை வலியுறுத்தாததாலும்.' முந்நூற்றுப் பன்னிரண்டு குடும்பம். ஓடைக்கரையில் கட்டப்போகிற கட்டடத்தில் யார் வந்து இருப்பார்கள் என்று உத்தரவில் இல்லை.

பையிலிருந்த பத்திரத்தை எடுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

கதை விவாதம். பவழத்தை மேல்தளத்தில் விசாரிக்கிறார்கள், கமாண்டரே நீதிபதி. பத்து நிமிஷத்துக்கு அனல் பறக்க அவளைப் பேசவிட வேண்டும், ஊரே பேச வேண்டும் என்றார் நிரஞ்சனா மேடம். ஆளாளுக்கு ஒரு வசனம் சொன்னார்கள். எல்லாம் குப்பை. கடைசியில் வழக்கம்போல் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அவ பேச மாட்டா" என்றேன்.

சிவசைலம் சார் நிமிர்ந்தார்.

"கமாண்டர் கேப்பான். அவ பின்னாடி திரும்பி ஒருத்தனப் பாப்பா. அவன் கடைசியில ஒக்காந்திருப்பான். அவன் எழுந்தா எல்லாம் மாறிடும். எழுந்திருக்க மாட்டான். அவ முன்னாடி திரும்பிப்பா. வேற ஒண்ணும் இல்லன்னுவா. அவ்ளோதான் சார்."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்று எனக்கே கேட்டது. அதற்குள் அசோசியேட் டைரக்டர் பலகையில் எழுதிவிட்டான்.

சிவசைலம் சார் மேசையில் ஒரு தட்டுத் தட்டினார். அடுத்த அவார்டு இதுக்குத்தான்டா என்றார். பின்னால் உட்கார்ந்திருப்பவன் யார் என்று நிரஞ்சனா மேடம் கேட்டார். அடித்தளத்தில் பிறந்து மேல்தளத்தில் வேலை செய்கிறவன் என்றேன். அவனை வில்லனாக்கிவிடலாமா என்றார். வேண்டாம் என்று சிவசைலம் சார் தடுத்தார். அவன் மேலும் ஜனங்களுக்கு இரக்கம் வர வேண்டும், அவனுக்கும் ஒரு வலி இருக்க வேண்டும், அதற்கு ஒரு காட்சி தனியாக எழுது என்றார்.

எழுதுகிறேன் என்றேன்.

நாளைக் காலைக்குள் வேண்டுமாம். சாப்பாட்டு நேரத்திலேயே உட்கார்ந்தேன். ஒரு மணி நேரத்தில் முடிந்துவிட்டது. ஒரு அடித்தல்கூட இல்லை.